எண் என்னுடையது, அழைப்பு என்னுடையதல்ல

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மனைவி தன் அக்காவிடம் தினமும் போனில் ஒப்பிக்கும் நலச் செய்திகள் எங்கள் கூடத்தில் யார் காதிலும் விழாமல் போவதில்லை. ஆகவே நலம் விசாரிக்கும் பகுதியை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக் காலர் ஐடி பெட்டியில் என் எண் தெரிந்ததாகவும், நீங்கள் எடுத்து ‘ஹலோ’ சொன்னதாகவும், மறுமுனையில் யாரோ மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டதாகவும், “பெரியவர் இறங்கி வந்துட்டாருடி” என்று உங்கள் மனைவியிடம் சொல்லி நீங்கள் சிரித்ததாகவும் கேள்விப்பட்டேன். எண் என்னுடையது. மூச்சும் என்னுடையதுதான். ஆனால் போன் நான் பண்ணவில்லை. இதை நிலைநாட்டவே இந்தக் கடிதம். போனைப் பாதியில் வைத்த மாதிரி இதையும் பாதியில் வைத்துவிடாமல் கடைசிவரை படிக்கவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒரே வீட்டில் நான் அக்காளைக் கட்டினேன், நீங்கள் தங்கையைக் கட்டினீர்கள். அந்த ஒரு தவறு தவிர நமக்குள் பொதுவாக எதுவும் கிடையாது. நான் சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்துகிறேன். நீங்கள் குளியலறை ஓடுகள் விற்கிறீர்கள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். துறைத்தலைவர் பதவி எனக்கு வராமல், முதல்வரின் அறையை விட்டு நகராத காரணத்தால் நாங்கள் கோந்து என்று அழைக்கும் மனிதருக்குப் போனதை, மழைக்காலத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறன்று உங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சொன்ன கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் புதிய விவரங்கள் இருந்தன. கோந்து மாலை போட்டுக்கொண்டு மேடையில் ஏறும் இடத்துக்கு நான் வந்தபோது நீங்கள், “சரி சகலை, கடையில ஆளு வந்துட்டாங்க, வெச்சிடறேன்” என்றீர்கள். வைத்தும்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு விடுமுறை. ஒரு மனிதனை அவனுடைய தோல்வியின் நடுவில் நிறுத்திவிட்டுப் போனால் திரும்பிக் கூப்பிட வேண்டியது யார்? வைத்தவர். அதனால் நான் கூப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. மழைக்காலம் வந்து போய்விட்டது.

இதற்கிடையில் என் மனைவி சமாதானத் தூதராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள். நான் குளித்துவிட்டு வருவேன், துண்டைக்கூட உதறியிருக்க மாட்டேன்.

“இப்பதான் தங்கச்சி வீட்டுக்காரர் பேசினாருங்க. ‘சகலை எப்படி இருக்கார்’னு கேட்டாரு.”

“எந்தக் குரலில் கேட்டார்?”

“அவர் குரல்லதான் கேட்டாரு. வேற யார் குரல்ல கேப்பாரு?”

“நானில்லாதபோதே ஏன் பேசுகிறார்?”

“நீங்க இருக்கும்போது யாருங்க பேசுவா?”

பிறர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று வருடக்கணக்காக வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். சொந்த வீட்டில் மட்டும் அதை ஏற்பதா? நீங்கள் உண்மையிலேயே கூப்பிட்டீர்களா என்பதற்கு ஒரு நடுநிலையான சாட்சி தேவைப்பட்டது. கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்டும் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது என்று அறிந்து வாங்கினேன்.

பெட்டியை மட்டும் வாங்கினால் போதாது, எண்ணை அனுப்பச் சொல்லித் தொலைபேசி அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அங்கே கவுண்ட்டரில் இருந்த பெண்மணி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அவ்வளவு போன் வருதா சார்?” என்றார். வருகிற போன் யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். “எடுத்தா அவங்களே சொல்லிடுவாங்களே சார்” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்திரை குத்துகிற வேலைக்குச் சிந்தனையாளர்களை ஏன் நியமிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கூடவே கொடுத்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்து, சுவருக்கும் போனுக்கும் இடையே இருந்த ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள், இரண்டிலும் ஒயர் செருக வேண்டும் என்று போட்டிருந்தது. செருகினேன். புதிதாகக் கொடுத்திருந்த குட்டை ஒயரின் இரண்டு முனைகளையும் அந்த இரண்டு துளைகளில் செருகியிருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதாவது அந்தப் பெட்டி நாள் முழுக்கத் தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. போனோ பிணமாகக் கிடந்தது. உங்கள் மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்று பதறி, ஈரத் தலையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, “அக்கா இருக்காளா மாமா?” என்று வாசலிலேயே அழுதாள். அக்காள் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவளும் கண்ணைத் துடைத்தபடியே வந்தாள். அதைப் பார்த்துத் தங்கை இன்னும் சத்தமாக அழுதாள். ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே இருவரும் கட்டிக்கொண்டு அழ, மாடி வீட்டுக்காரர் துக்கம் கேட்க இறங்கி வந்துவிட்டார். அவ்வளவு அமர்க்களத்திலும் தங்களை எங்கே காணோம்? கீழே காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஜன்னலிலிருந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நாம் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒயரைச் சரியாக மாட்டிய பிறகு வேறொரு சங்கடம். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் எண் வருகிறது. என் மனைவியோ முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறவள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: இரண்டு மணி அடித்து, நான் மூக்குக்கண்ணாடி போட்டு, எண்ணைப் படித்து, தலையசைத்த பிறகே ரிசீவரைத் தொட வேண்டும். இப்போது மணி அடித்தால் அவள் ரிசீவருக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் கண்ணாடியைத் தேடுகிறேன், மணி நின்றுவிடுகிறது. “போச்சு. வந்த சனியனும் போச்சு, வராத சனியனும் போச்சு. நல்லாப் பாருங்க, யார் செத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும்” என்கிறாள். ஒரு நாள் அப்படி நின்றுபோனது எங்கள் முதல்வரின் அழைப்பு. வெளியூர் மாநாட்டுக்கு ஆள் தேடியிருக்கிறார். நான் எடுக்காததால் அடுத்து யாருக்குப் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அந்த மனிதர் விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் எடுத்த படத்தை ஆசிரியர் அறையில் ஒட்டி வைத்திருக்கிறார். கோந்து போட்டுத்தான்.

இத்தனையும் எதற்காகத் தாங்கிக்கொண்டேன்? உங்கள் அழைப்புக்குச் சாட்சி வேண்டும் என்று. அதிலும் மண். அந்தப் பெட்டி வீட்டைக் காட்டுகிறதே தவிர ஆளைக் காட்டுவதில்லை. உங்கள் எண் காலையில் வருகிறது, பகலில் வருகிறது, விளக்கு வைத்த பிறகும் வருகிறது. எல்லாம் உங்கள் மனைவி. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ‘இப்பதான் சகலைக்கு வழி தெரிந்ததாக்கும்’ என்று ஆரம்பிக்கத் தயாராகி நிற்பேன். “மாமா, அக்காகிட்ட குடுங்க” என்று வரும். கொடுப்பேன். இப்படி எத்தனை நாள் ஒருவன் சட்டையைச் சரிசெய்துகொள்வது?

எனவே சென்ற ஞாயிறு காலை, உங்கள் எண்ணை என் பெட்டியிலிருந்து அடியோடு அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு முறை அழுத்தினால் ஓர் எண் அழியும், அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழியும் என்று புத்தகத்தில் இருந்தது. பட்டன்கள் அவரை விதை அளவு, என் விரல் மனித விரல். உங்கள் எண்ணைத் திரையில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடித்தேன். திறந்து பார்த்தால் ‘ரிசீவரை எடுக்கவும்’ என்று வந்திருக்கிறது. அச்சில் இருப்பதை மதித்து வளர்ந்தவன் நான். அழிப்பதற்கு அதுவும் தேவை போலிருக்கிறது என்று எடுத்தேன். காதில் மணி போயிற்று. அழிகிற சத்தம் என்று நினைத்தேன். நான் அழுத்தியது பக்கத்தில் இருந்த, அந்த எண்ணைக் கூப்பிடுகிற பட்டன். “ஹலோ” என்றீர்கள். “ஹலோ… யாரு?” என்றீர்கள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “சகலையா?” என்றீர்கள். உங்கள் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். நான் பேசியிருந்தால் முதலில் பேசியவன் ஆகிவிடுவேன். அதனால் பேசாமல் வைத்தேன்.

வைத்த மறுகணமே புரிந்துவிட்டது. வைத்தவர்தான் கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி. இப்போது கடைசியாக வைத்தவன் நான்.

நீங்கள் அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அது செல்லாது. பண்ணாத போனை ஒருவன் எப்படி வைக்க முடியும்? நோக்கமில்லாமல் நிகழ்ந்த அழைப்பு அழைப்பே ஆகாது. அதைத் துண்டித்ததும் துண்டிப்பு ஆகாது. ஆக, சட்டப்படி கடைசியாக வைத்தவர் இன்றைய தேதி வரை நீங்கள்தான். இந்த எளிய உண்மையை உங்கள் மனைவி தன் அக்காவிடமும், அக்காள் தன் அப்பாவிடமும் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. அவர்கள் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலையே நம் மாமனார் போன் செய்து என்னைப் பாராட்டினார். “பெரிய மனசு மாப்ளே உங்களுக்கு. வயசானா எல்லாருக்கும் வந்துரும்” என்றார். அவருடைய மகன் பின்னாலிருந்து, “நான் அப்பவே சொல்லலை, இவர்தான் முதல்ல மடங்குவார்னு?” என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கல்யாணத்தன்று என் மோதிரத்தைப் பார்த்து ‘பழசா?’ என்று கேட்டவன் அவன். அதையும் நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். மாமனார் அந்தப் பாராட்டுரையை முடித்த கையோடு, தான் அந்தக் காலத்தில் ஒரு மேலதிகாரியை மன்னித்த கதையை ஆரம்பித்தார். நமக்குத் தெரிந்த கதைதான். இந்த முறை அந்த மேலதிகாரி கடைசியில் அவர் காலில் விழுகிறார். போன தடவை கையைத்தான் பிடித்தார். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன், இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஒருவர் இல்லை. மனைவியிடம் சொல்ல முடியுமா? அவள் அப்பா. கல்லூரியில் சொன்னால் யாருக்குப் புரியும்? அந்த வீட்டில் பெண் எடுத்து அனுபவித்தவன் ஒருவனுக்குத்தான் அது புரியும். அப்படிப்பட்டவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்பது என்னுடைய துரதிர்ஷ்டம்.

எனவே தாங்கள் செய்ய வேண்டியது இது. ஞாயிறன்று வந்த அழைப்பு செல்லாது என்று மாமனார் வீட்டுக்குத் தெரிவித்துவிட்டு, முறைப்படி தாங்களே எனக்குப் போன் பண்ண வேண்டும். உங்கள் மனைவியின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இருப்பதால், முதலில் ஒரு முறை இருமினால் அடையாளம் கண்டுகொள்வேன். மற்றபடி நானாக உங்கள் எண்ணை அழுத்துவது இந்த ஜென்மத்தில் நடக்காது. இதை எழுத்தில் தருகிறேன்.

என் கொழுந்தியாள் நீண்ட ஆயுளோடும், அதைவிடச் சற்றுக் குறைவான போன் பேச்சோடும் வாழ என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். படித்து என்ன ஆகும் என்பதற்கு நானே இருக்கிறேன், ஆனாலும் படிக்கட்டும். உங்களுக்கு, முறைக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு வணக்கம்.

இப்படிக்கு,
இன்றுவரை இறங்கி வராத
மூத்த சகலை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். விலாசம் எழுதப் போனபோதுதான், போன் எண்ணை மட்டும் மாற்றாமல் நீங்கள் வீடு மாறிவிட்டது நினைவுக்கு வந்தது. புது வீட்டின் கதவு எண் என்னிடம் இல்லை. மனைவியிடம் கேட்டால் எதற்கு என்று குடைவாள். ஆகவே, உங்கள் வீட்டில் போனை எடுப்பது கொழுந்தியாள்தான் என்ற நியாயமான நம்பிக்கையில் உங்கள் எண்ணைப் போட்டேன். நீங்கள் எடுத்து, “சொல்லுங்க சகலை” என்றீர்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மேலதிகாரி காலில் விழுந்த இடத்தை மாமனார் குரலிலேயே நீங்கள் பேசிக் காட்டியதும், நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்ததும், கோந்து மேடையேறிய கதையை நீங்களாகக் கேட்டு வாங்கி முழுசாகக் கேட்டதும், பேசி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனதும் சரிதான். ஆனால் ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது, கதவு எண்ணைக் கேட்கவே இல்லை. அது கிடைக்காமல் இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவது? நாளைக் காலை மறுபடி கூப்பிடுகிறேன். அது விலாசம் கேட்கிற போன் மட்டுமே. யாரிடமும் இறங்கி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரிய வேண்டாம்.