சொட்டுக் கழிவும் இல்லை

“கீரை பூரா கருகிப் பூட்ச்சி சார். பரீட்சை அன்னிக்கு வர்ற பெரிய அதிகாரிகிட்டயே காட்டறேன், பாரு!”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு முளைக்கீரையை ஆட்டிவிட்டுப் போனாள் முனியம்மாள். சொன்னால் செய்துவிடுவாள். பள்ளி ஆய்வகத்துக் கழிவுக் குழி நிரம்பி அவள் பாத்தியில் வழிந்திருந்தது.

உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளியொன்றின் வேதியியல் ஆசிரியர் பஞ்சாட்சரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தேர்வாளர் கீரையைப் பார்த்தால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு மையம் ரத்து. நாற்பது பிள்ளைகளையும் பஸ் ஏற்றிக் காஞ்சிபுரம் கொண்டுபோக வேண்டியது அவர்தான்.

“இனிமே டெஸ்ட் டியூப்ல பாதிதான் ஊத்தணும்” என்று உத்தரவு போட்டார்.

பாதியில் நிறம் தெரியவில்லை. பிள்ளைகள் நான்கு முறை செய்தார்கள். குழியில் இரண்டு மடங்கு சேர்ந்தது.

“சுண்ணாம்பு போட்டா ஆசிட் அடங்கிடும்யா” என்று ஆய்வக உதவியாளர் வேதகிரியிடம் சொன்னார் பஞ்சாட்சரம்.

வேதகிரி சொன்ன சொல் தட்டாதவர். ஒரு கூடைச் சுண்ணாம்பை அப்படியே குழியில் கவிழ்த்தார்.

“பொங்கிக்கினு கீது சார்.”

மிச்சமிருந்த கீரையும் முடிந்தது.

“நாளைக்குப் பரீட்சை! ஒரு சொட்டு வேஸ்ட் வரக்கூடாது. என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது!”

மறுநாள் தேர்வாளர் வீராசாமி வந்தார். அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். சிரிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கும் முகம். பிள்ளைகள் சோதித்துப் பெயர் கண்டுபிடிக்க வேண்டிய உப்புகளை அவரே பொட்டலம் கட்டி, எண் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உள்ளூர்க்காரர்கள் யாரும் பிள்ளைகள் காதில் ஓதிவிடக் கூடாது, பாருங்கள்!

மூன்று மணி நேரம் பஞ்சாட்சரத்தின் கண் வேலியை விட்டு நகரவில்லை. கடைசியில் பார்த்தால் நாற்பது பேரும் உப்பைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். கழிவு வாளி காய்ந்து கிடந்தது.

முனியம்மாளும் கருகிய கீரையோடு வந்து நின்றாள். வீராசாமி வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

“இங்க கழிவே கிடையாதும்மா. இப்படி ஒரு லேப் எங்கேயும் நான் பார்த்ததில்லை.”

“இத்த மொதல்லயே பண்றதுக்கு இன்னா?” என்று திட்டிக்கொண்டே போனாள் அவள்.

வீராசாமி பஸ் ஏறியதும் பஞ்சாட்சரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“வேதகிரி! எப்படிய்யா?”

“ஆசிட்ட ஒருத்தரும் தொடல சார். காலையிலயே அல்லாருக்கும் உப்பு பேரைச் சொல்லிட்டேன்.”

“அடப்பாவி! பொட்டலம் அவர் கட்டினது, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அவருக்குத் தெரிஞ்சா என் வேலையே போயிடுமே!”

“சொல்லச் சொன்னதே அவருதான் சார். நாளைக்கு அவரு ஸ்கூல்ல பரீட்சை நடத்த நீங்கதானே போறீங்கோ? அங்கயும் குழி நெரம்பிக்கினு கீதாம்.”