இடித்தவர் செய்ய வேண்டிய வேலை

பாலக்கோடு அருகிலிருந்து,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாதவராஜ் அவர்களுக்கு,

மாமியார் பிலோமினா எழுதிக்கொள்வது. ஒசூரில் நீங்களும் என் மகள் அன்பரசியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்பரசிக்கு இருமல் நிற்கவில்லை என்றால் சுக்கு கொடுக்கவும். என் சுகத்தை நீங்கள் ஏற்கெனவே வீடியோவில் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருப்பதால் அதைத் தனியாக எழுதவில்லை.

உங்கள் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. அதிலேயே பதில் எழுதியிருப்பேன், ஆனால் அதில் பத்தி பிரிக்க வருவதில்லை. எழுபத்திரண்டு வயதில் நான் சைக்கிள் ஓட்டக் கூடாது, நிறுத்தாவிட்டால் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்து வந்து சைக்கிளையும் என்னையும் ஒசூருக்கு ஏற்றிச் சென்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளை எனக்கு முன்னால் எழுதியிருப்பதைக் கவனித்தேன். உங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே கடுகு வாங்க வேண்டுமென்றால்கூட லிஃப்ட், வாட்ச்மேன், அன்பரசி என்று மூன்று பேரைக் கேட்க வேண்டும். இங்கே மாதா கோவிலுக்கோ நூலகத்துக்கோ மாவு மில்லுக்கோ நினைத்தபோது போகிறேன், யாரையும் கேட்பதில்லை. அது இந்தச் சைக்கிளால்தான். ஆகவே எடுத்துப் போவதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்ளவும்.

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் தையலோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். இடதுபுறம் போக வேண்டும், திரும்புவதற்கு முன் கையை நீட்ட வேண்டும், மணியை ஒரு முறைதான் அடிக்க வேண்டும், இரண்டாவது முறை அடிப்பது கோபம். இந்தச் சாலையில் கையை நீட்டித் திரும்புகிற ஒரே ஆள் நான். அதனால் என்ன ஆகிறது என்றால், நான் வலப்பக்கம் கையை நீட்டியதும் பின்னால் வருகிற டவுன் பஸ் நின்றுவிடுகிறது. "ஏறுங்கம்மா, சைக்கிள மேல போட்டுக்கலாம்" என்று கண்டக்டர் இறங்கி வருகிறார். நான் ஏறுவதற்காக நீட்டவில்லை என்று விளக்கினால், "அப்பறம் எதுக்குங்க கையக் காட்டி நிறுத்துனீங்க?" என்கிறார். ஜன்னல் வழியாகப் பத்துத் தலைகள் என்னைப் பார்த்து முணுமுணுக்கின்றன. ஏறாத பஸ்ஸைத் தாமதப்படுத்திய குற்றம் இந்த மாவட்டத்தில் என் ஒருத்தி மேல்தான் இருக்கும்.

வீடியோவுக்கு வருகிறேன். அதில் நான் கரும்பு டிராக்டரை மறித்து நிற்பது தெரிகிறது. அதற்கு முன் டிராக்டர் என்னை இழுத்துக்கொண்டு வந்தது தெரியவில்லை, ஏனென்றால் படம் எடுத்தவர் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் எடுக்கத் தொடங்கினார். மில்லுக்குக் கேழ்வரகு எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். உரசிக்கொண்டு முந்திய டிராக்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பு ஒன்று என் முன்கூடையில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு சிறிது தூரம் நான் மிதிக்காமலே சென்றேன். டிராக்டர் நின்றதும் ஓட்டுநர் மாது என்பவரை இறங்கச் சொல்லி, பின்னால் சிவப்பு விளக்கு எங்கே என்று கேட்டேன். "இத்தன கரும்பு தெரியுதில்லீங்க, வெளக்கு வேறயாங்க?" என்றார். விளக்கு எதற்கு என்று விளக்கினேன். விளக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. பின்னால் மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளி வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஒருவர் தலையை வெளியே நீட்டி, "ஆயா, தக்காளி பழுக்குதுங்க!" என்று கத்தினார். நான் உங்களுக்கு ஆயா இல்லை, அம்மா என்று கூப்பிடவும் என்றேன். "அம்மா, தக்காளி பழுக்குதுங்க" என்று திருத்திச் சொன்னார்.

அப்போது டீக்கடை ராஜப்பன் வந்தார். இங்கே போலீசுக்கு முன்னால் அவர்தான் வருவார். "ரெண்டு இடிச்சுக்கினா பெருசு மேலதான் தப்பு. இடிச்சவன் இடிபட்டவங்க வேலைய முடிச்சுக் குடுக்கணும். எங்கப்பன் காலத்து நாயம்" என்று தீர்ப்புச் சொன்னார். தப்பு அளவில் இல்லை, விளக்கு இல்லாததில் இருக்கிறது என்று ஆட்சேபித்தேன். "வெளக்கு போட்டாலும் அது பெருசுதானுங்களே" என்றார். கூட்டம் முழுவதும் என் பக்கம் இருந்தது, ஆனால் தவறான காரணத்துக்காக இருந்தது. கடைசியில் மாது என் கேழ்வரகு டின்னைக் கரும்பின்மேல் வைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வந்தார். மாவு சற்றுக் கரகரப்பு. பெரியவர் சிறியவர் என்று நியாயம் பேசினால் இப்படித்தான் வரும்.

அடுத்தது குள்ளம்மாள் விஷயம். இதை அன்பரசிக்கு யாரோ பெரிதுபடுத்திச் சொல்லியிருக்கிறார்கள். குள்ளம்மாள் இரண்டு மாடு வைத்திருப்பவர், பெயருக்குத்தான் குள்ளம், என்னைவிட ஒரு முழம் உயரம். காலையில் பால் கேனோடு சொசைட்டிக்கு நடுரோட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார். மணி அடித்தேன். நகரவில்லை. சிஸ்டர்கள் மன்னிக்கட்டும், இரண்டாவது முறையும் அடித்தேன். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார், நகரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் என் இடதுபுறமாக நுழைந்தது. எனக்கு மிஞ்சியது குள்ளம்மாள் இருந்த இடம் மட்டும்தான். அவர் விழுந்தார், கணுக்கால் பிசகிவிட்டது, பால் தாரில் ஓடியது, தெரு நாய்கள் எல்லாம் எனக்கு நன்றி சொல்ல வந்தன. ஓரமாக நடக்கக் கூடாதா என்று நியாயமாகக் கேட்டேன். "இந்த ரோடு வர்றதுக்கு முன்னயே நான் இப்பிடித்தான் நடந்தேன். ரோடுதான் என் குறுக்க வந்துச்சு" என்று உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். பைக்கில் வந்தவர் அதற்குள் போய்விட்டார். ராஜப்பன் வந்தார். சைக்கிள் பெரியது, ஆள் சிறியது என்றார். குள்ளம்மாளை நிற்க வைத்து அளந்து பார்க்கச் சொன்னேன். "சைக்கிளோட சேத்து அளக்கணுங்கம்மா" என்றார்.

ஆகவே காலில் போட்ட கட்டை அவிழ்க்கும்வரை குள்ளம்மாளின் பாலை நான் சொசைட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர் என்னை நம்பவும் இல்லை. "படிச்சவங்க தண்ணி கலக்கமாட்டீங்க, ஆனா சிந்துவீங்க" என்று சொல்லி, கட்டுப் போட்ட காலோடு கேரியரில் ஏறி, கேனை மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாலையில் போகிற எல்லோரையும் அவரே பார்த்துக்கொள்கிறார். "டேய், அம்மா வர்றது கண்ணு தெரியலியா? இதென்ன உங்கப்பன் வெட்டுன ரோடா?" என்று பைக்குகளை. "நடுவுல நடக்கறியே, ஓரமா போனா காலு தேஞ்சிருமா?" என்று நடப்பவர்களை. நீங்களும் நடுவில்தானே நடந்தீர்கள் என்று கேட்டேன். "அப்ப நான் நடந்துக்கினு இருந்தேன். இப்ப வண்டியில வர்றேனில்ல?" என்றார். இந்தச் சாலையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை, நான் சைக்கிளை விடப் போவதில்லை. விதி தெரிந்த ஒரே ஆளும் இறங்கிவிட்டால் இந்தச் சாலை என்ன ஆகும் என்று யோசிக்கவும். ஹேண்டில்பாரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து போகிறவள் நான் இல்லை. உங்கள் மாமனார் சவுரியப்பன் உயிரோடு இருந்த காலத்திலும் நான்தான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேன் இல்லாமல் விருந்தாளிகளாக வாருங்கள். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்து வைக்கிறேன்.

உங்கள் இருவர் தலைமேலும் மாதாவின் கை இருக்கட்டும். சம்பந்தி அம்மாளையும், எதிர்வீட்டுக்காரரையும், அவர் வீட்டு நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ச. பிலோமினா

பின்குறிப்பு: தபால்தலை கிடைக்காமல் இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை வரை மேசைமேல் இருந்துவிட்டது. அதற்குள் குள்ளம்மாளுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. மிதித்தால் கால் நன்றாக மடங்கும் என்று கட்டுப் போட்டவர் சொன்னாராம். முற்றத்துக்குள் மட்டும் என்று சொல்லிச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, தபால்பெட்டிக்கு நடந்து போனேன். ஓரம் முழுவதும் தக்காளிக் கிரேட்டும் பைக்குமாக இருந்ததால் நடுவில் நடக்க வேண்டியதாயிற்று. பின்னால் மணி கேட்டது. கேட்டது என்று சொல்வதற்குள் என் சைக்கிளே என்னை இடித்துவிட்டது. குள்ளம்மாள் மிதிக்கப் பழகியிருக்கிறார், பிரேக் பிடிக்க இன்னும் வரவில்லை. சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பொறுப்பே கிடையாது, நடக்கிறவர்கள் எங்கே போவது என்று நான் கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கால் பிசகியிருக்கிறது, கடிதமும் பெட்டியில் விழாமல் என்னோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

ராஜப்பன் வந்தார். சைக்கிள் பெரியது, நான் சிறியவள் என்றார். இந்த முறை அவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வேலையைக் குள்ளம்மாள் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. என் வேலை என்ன என்று கூட்டம் சற்று யோசித்தது. "ரோட்டுல போறவங்கள நிறுத்தி வெச்சுத் திட்டறதுதானுங்களே" என்று டீ குடித்துக்கொண்டிருந்த டிராக்டர் மாது சொன்னார். அப்படியே ஆகட்டும் என்றார்கள். குள்ளம்மாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். அவர் ஓட்டுகிறார், நான் கேரியரில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை மட்டும் நீட்டுகிறேன். மாதா கோவிலுக்கும் நூலகத்துக்கும் போய் வந்தாயிற்று.

ஆகவே இப்போது நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டதால் வேன் தேவைப்படாது. கேரியர் கம்பி மிகவும் உறுத்துகிறது, ஒரு மெத்தைத் தலையணை மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்பவும்.