தேக்கு தோற்ற வாரம்

இனிமேல் நான் வில்லாளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பதினெட்டு வருடமாக அலுவலகத்தில் தபாலுக்கு முத்திரை குத்திக் குத்தி வலது கையில் சேர்த்து வைத்திருக்கும் பலத்தை வேறு எதில் காட்டுவது?

கடையில் வில் வாங்குவது கோழைகளின் வேலை. நானே செய்வேன். அதற்கு ஒரு பட்டறை வேண்டும். வீட்டில் காலியாக இருந்தது பின்னறை ஒன்றுதான். அதன்மேல் என் மனைவிக்கும் ஒரு கண். அங்கே தையல் மெஷினைப் போட்டுத் தொழில் தொடங்க வேண்டுமாம். அந்த ஜன்னலுக்கு ஒரு திரை மாட்டித் தரும்படி ஆறு மாதமாகக் கேட்கிறாள். நானும் ஆறு மாதமாகத் தலையாட்டுகிறேன்.

"வில்லா? எதுக்கு?"

"எய்யத்தான்."

"யாரை?"

கண்ணுக்குத் தெரியாத நாணை இழுத்துக் காட்டினேன். அவளே தொடர்ந்தாள்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை கொல்லைக் கதவுல நின்னு அம்பு விடுங்க. காம்பவுண்டு சுவரைத் தொட்டா ரூம் உங்களுக்கு. தொடலைன்னா எனக்கு."

முப்பதடி தூரம். கையால் வீசினாலே போய்விடும். அவளை நினைத்துப் பாவமாகக்கூட இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

மரக்கடையில் தேக்கு, மூங்கில், மல்பெரி என்று மூன்று கழிகள் வாங்கி வந்தேன். மல்பெரி இன்னும் முழுசாகக் காயவில்லை என்று கடைக்காரர் எச்சரித்தார். வில்லாளி இதற்கெல்லாம் அஞ்சலாமா?

"இதோ பாரு, எது உசத்தின்னு கண்டுபிடிக்கணும்னா மூணும் ஒரே நீளமா இருக்கணும்."

"அப்ப அஞ்சடி மூணு அங்குலமா வெட்டுங்க."

"அது என்ன கணக்கு?"

"உங்க உயரத்துக்கு எடுப்பா இருக்கும்."

நெஞ்சு நிமிர்ந்தது. வெட்டினேன்.

கழியின் இரண்டு முனைகளையும் தாங்கவைத்து, நடுவில் பாரம் தொங்கவிட்டு, எது எவ்வளவு வளைகிறது என்று அளப்பதுதான் என் முறை. எங்கே தாங்கவைப்பது?

"பின்னறை ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி அடிங்களேன். வெளிச்சமும் இருக்கு."

"பாரத்துக்கு?"

ஒரு துணிமூட்டையைத் தூக்கி வந்து கொடுத்தாள். இப்படி ஒத்தாசை செய்யும் மனைவி யாருக்கு வாய்ப்பாள்?

மூங்கில் இரண்டு அங்குலம் தொய்ந்தது. மூட்டையை எடுத்ததும் நிமிர்ந்தது. மல்பெரி மூன்று அங்குலம் தொய்ந்து, அதுவும் நிமிர்ந்தது. தேக்கு மட்டும் நூலளவுகூட அசையவில்லை.

"தேக்கு ஃபெயில்!" என்றேன்.

"ஐயோ பாவம்" என்றாள். கண்ணில் ஒரு மினுக்கு. "உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிப் பாருங்களேன். வளைஞ்சாலும் வளையும்."

இரண்டு நாள் சாயங்காலம் தேய்த்தேன். பளபளத்ததே தவிர, வளையவில்லை. 'தேக்கு: எவ்வளவு பாரத்துக்கும் வளையாது. எதற்கும் உதவாது' என்று நோட்டில் எழுதி, கோபத்தில் அடிக்கோடும் போட்டேன்.

வியாழக்கிழமை மல்பெரி வில் தயார். முதல் அம்பே சுவரில் 'டக்' என்று மோதியது. நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது.

"இனிமே நாணைக் கழட்டி வச்சிடணும்" என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். "பூட்டியே வச்சா மரம் வளைஞ்சது வளைஞ்சபடி நின்னுடும். வேகம் போயிடும்." அதையும் நோட்டில் எழுதினேன்.

"கழட்டிடுங்க" என்றாள். "ஆனா உங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் நாளைக்கே வராங்களாம். அவர் கேரம் கோப்பையை ஹால்ல எப்படி வச்சிருக்கார்! நாண் இல்லாம மாட்டினா, இது ஏதோ குச்சின்னு நினைச்சுடப் போறாங்க."

மாப்பிள்ளையின் கோப்பை கண்முன் வந்து நின்றது. நாண் பூட்டியபடியே வில் மூன்று நாள் ஹால் சுவரில் கம்பீரமாகத் தொங்கியது. மாப்பிள்ளை இரண்டு தடவை அதைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கொல்லைக் கதவில் நான். எனக்குப் பின்னால் குடும்பமே நின்றது. இழுத்தேன், விட்டேன். அம்பு அவசரமே இல்லாமல் கிளம்பி, ஆறடி தூரத்தில் இருந்த ரோஜாத் தொட்டிவரை போய்ப் படுத்துக்கொண்டது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நாணைக் கழற்றினேன். வில் நிமிரவே இல்லை.

மனைவி உள்ளே போய் என் நோட்டோடு வந்தாள். அதைப் பிரித்து, என் கையெழுத்தில் இருந்த நாண் பாடத்தையும் தேக்கு வரியையும் என்னிடமே நீட்டினாள். பிறகு பின்னறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். தேக்குக் கழியை எடுத்துக் கொக்கிகளில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. துணிமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே நீல நிறத்தில், வளையம் தைத்துத் தயாராக, ஜன்னல் திரை! வில்லை ஆணியில் மாட்டி, தைத்து முடித்த ரவிக்கை ஒன்றை அதில் போட்டாள். தோள்பட்டை அழகாகப் பொருந்தியது.

"மூங்கில்?" என்றேன், நலிந்த குரலில்.

"ஒட்டடை அடிக்க."

வெளியேறப் போனவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, ஹால் ஜன்னலுக்கு ஏழடி வேணும். அடுத்து ஈட்டி ஏதாவது செய்யற எண்ணம் இருக்கா?"