ஏழு வாளிப் பாலும் ஒரு டின் எண்ணெயும்

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். லாரிக் கொட்டகையின் சிமெண்டுத் தரையைக் கூட்டி வைக்க வேண்டும்.

அரை மணி நேர வேலை. எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஜப்பான்காரன் காலம் அது. மலாயாவில், பெடாஸ் ஊரிலிருந்து மூன்று மைல் உள்ளே எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான்காரத் துரை குடியேறியிருந்தார். எனக்கு வயது இருபத்திரண்டு. தோட்டத்தின் ஒரே லாரியைக் கழுவுவதும், அது நிற்கும் கொட்டகையைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. யாரோடும் அதிகம் பேச வேண்டாம் என்பதால் நானே கேட்டு வாங்கிய வேலை.

காலையிலேயே கிராணி வந்து நின்றார். தோட்டத்து ஆபீஸில் பேர் எழுதுகிறவர் அவர்தான். அவர் வாசலில் வந்து நின்றாலே எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

"நாளைக்கு எட்டு மணிக்குத் துரை கொட்டகையப் பார்க்க வராரு. சயாம் காட்டுல ரயில் பாதை போட லிஸ்டு எடுக்குறாங்க. ஒரு ஆளு குறையுதாம்."

"சரிங்க ஐயா."

"என்னய்யா சரி? கொட்டகை ஒழுங்கா இல்லேன்னா, அந்த ஒரு ஆளு யாருன்னு விளங்குதா?"

விளங்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் அதுவரை பதினாறு பேர். ஒருவரிடமிருந்தும் ஒரு சேதியும் இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டி முடித்தேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நான் எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவன். அதுதான் கெட்டது.

துரைக்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். முந்தின வாரம் என் இடுப்பு போதுமான அளவு வளையவில்லை என்று ஒரு அறை வாங்கியிருந்தேன். ஒன்றே ஒன்றுதான். ஆனால் முழுமையான ஒன்று. நாளைக்கு அப்படி ஆகக் கூடாது என்று, கொட்டகையில் தனியாக நின்று பழகிப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. எட்டாவது நன்றாகவே வந்தது. ஒன்பதாவதில் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

முன்னால் குனிந்தவன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. லாரியிலிருந்து வடித்து வைத்திருந்த கறுப்பு எண்ணெய், ஒரு முழு டின். என் பின்புறம் பட்டதும் அது நிதானமாகச் சாய்ந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. "குளுக்" என்றது. அவ்வளவுதான்.

சோப்பு என்ற பொருளை நாங்கள் பார்த்து எட்டு மாதம் இருக்கும். லயத்துக்கு ஓடி, ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் சாம்பல் வாரினேன். நான்கு கூடை. கொட்டித் தேங்காய் மட்டையால் தேய்த்தேன். ஒரு இடத்துக்கு இருநூறு தேய்ப்பு என்று கணக்கு வைத்துத் தேய்த்தேன்.

எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து தோசை மாவு பதத்துக்கு வந்தன. கறுப்புத் தோசை. முதலில் கொட்டியது ஒரு முறம் அகலம். துடைக்கத் துடைக்க அது வளர்ந்தது. மத்தியானம் காலால் அளந்து பார்த்தேன். எட்டடிக்குப் பதினோரடி.

பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பெண்கள் அந்த நேரம் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா வாசலில் வாளியை இறக்கி வைத்து எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி, தரையத் துடைக்கிறியா, இல்ல சாயம் பூசுறியா?"

எனக்குப் பெண்களைப் பார்த்தால் பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாயில என்ன, எண்ணெயா? சொல்லுப்பா."

தலையைக் குனிந்ததால்தான் அக்காவின் கை கண்ணில் பட்டது. மணிக்கட்டில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டே அதைக் கட்டை விரலால் உருட்டி உரித்துப் போட்டது. உரித்த இடத்தில் அழுக்கே இல்லை! சுற்றிலும் மண்ணும் புகையும், அந்த ஒரு இடம் மட்டும் கழுவி விட்டது போல.

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அது அணைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, பால் வேணும்."

"எத்தன வாளி?"

"ஏழு."

"அது என்னடா ஏழு?"

"எட்டடிக்குப் பதினோரடி. அரை விரல் கனம். ஏழு வரும் அக்கா."

அக்கா என் முகத்தையே பார்த்தது. பிறகு மற்றப் பெண்களைப் பார்த்துக் கத்தியது. "ஏய், எல்லாரும் இங்க வாங்க! இவன் தரைக்கு ரொட்டி சுடப் போறானாம்!"

பாலுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் வாங்க எந்தக் கப்பலும் வராததால், ஸ்டோரில் பாலை உறைய வைத்த ரப்பர் ஷீட் அடுக்கடுக்காகப் பூசணம் பிடித்துக் கிடந்தது. சிரித்துக்கொண்டே ஏழு வாளியையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். சுற்றி மண்ணால் வரப்புக் கட்டியிருந்தேன். ஸ்டோரில் மிச்சமிருந்த ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். பால் உறையத் தொடங்கியது.

என் கணக்கு எளிமையானது. காலையில் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. ஷீட்டோடு எண்ணெயும் வந்துவிடும். தரை அஞ்சலை அக்காவின் மணிக்கட்டு போல இருக்கும்.

விடியும்போதே வந்தேன். மேலே வெள்ளையாக, வழுவழுப்பாக, அழகாக உறைந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நான்கு விரல் அகலம் வந்தது. கையை விட்டதும் "டப்" என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

லாரி டிரைவர் கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். பலசாலி. வந்தவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"எண்ணெய் எங்கடா?"

"அடியில இருக்கு அண்ணே."

"இது என்ன?"

"எண்ணெய எடுக்க ஊத்துனது."

"அப்ப இத எடுக்க என்னத்தடா ஊத்தப் போற?"

இருவரும் சேர்ந்து இழுத்தோம். எண்ணெய் இருந்த இடத்தில் ரப்பர் ஒட்டவே இல்லை, வழுக்கியது. எண்ணெய் இல்லாத இடத்தில் சிமெண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது இழுப்பில் நடுவில் கிழிந்தது. அண்ணன் கையில் ஒரு துண்டோடு பின்னால் போய் விழுந்தார். கிழிந்த ஓட்டையிலிருந்து கறுப்பு எண்ணெய் எட்டிப் பார்த்தது.

"நான் போறேன்லா. நீ சயாமுக்குப் போனா லெட்டர் போடு," என்றார். ஆனால் போகவில்லை. போக முடியாது. துரையின் சைக்கிள் மணி கேட்டுவிட்டது.

எட்டு மணி என்றார்கள். எங்கள் கடிகாரத்தில் ஆறரைதான் ஆகியிருந்தது. ஜப்பான்காரர்கள் ஒன்றரை மணி நேரம் முந்திய டோக்கியோ நேரத்தில் இருந்தார்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கூடவே கிராணி ஓட்டமாக வந்தார். உள்ளே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. பிறகு அந்த மனிதர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தினமும் சுண்ணாம்பு தேய்த்து வெளுக்கும் தன் கான்வாஸ் சப்பாத்துக் காலோடு நேராகப் போய், கிழிந்த ஓட்டையின் மேல் நின்றுகொண்டார்.

துரை உள்ளே வந்தார். நான் குனிந்தேன். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ஒரு அடி வைத்தார். ரப்பர் அமுங்கியது. இன்னொரு அடி. நின்றார்.

மனதுக்குள் எண்ணினேன். பதினொன்றில் பூட்ஸ் நுனி ரப்பரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தது.

"என்ன இது?" மலாயில் கேட்டார்.

கிராணியின் சப்பாத்து மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது. முகம் மட்டும் சிரித்தது.

"ரப்பர் தரை, துவான். டயர் கிடைக்காத காலம். சிமெண்டு டயரைத் தேய்க்குது. அதான் அடியில மெத்தை."

"யார் யோசனை?"

கிராணியின் விரல் யோசிக்காமல் என் பக்கம் திரும்பியது. யோசனை நல்லதாக இருந்தால் தனக்கு, கெட்டதாக இருந்தால் எனக்கு என்று காத்திருக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

துரை என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். லேசாகக் குதித்தார். மறுபடி கொஞ்சம் உயரமாகக் குதித்தார். நான்கு தடவை. நான்காவதில் சிரித்துவிட்டார்.

"பாகூஸ்!" என்றார். நல்லதாம்.

"அப்ப லிஸ்டு, துவான்?" என்று கிராணி மெதுவாகக் கேட்டார்.

"இவன் போகக் கூடாது. என் ஆபீஸுக்கும் இதே தரை வேண்டும்."

அவர் சைக்கிள் மறையும் வரை மூவரும் குனிந்தபடியே நின்றோம். பிறகு கிராணி ஓட்டையிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார்.

"எருமை," என்றார். குறைந்த பெயருக்கு, போன மாதமே காட்டுப் பக்கம் ஓடிப்போன ஒருவன் பெயரை எழுதி லிஸ்டைச் சிரம்பானிலிருந்த பெரிய ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்.

ஆபீஸ் தரைக்குப் பதினான்கு வாளி ஆனது. ஐந்தாம் நாள் அது நாற ஆரம்பித்தது. ரப்பர் பால் அழுகிய நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொசு வராமலிருக்க நல்லது என்று கிராணி துரையிடம் சொல்லிவிட்டார். துரை மேசையைத் தூக்கி ரம்புத்தான் மரத்தடியில் போட்டுக்கொண்டு, சண்டை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்.

சயாமுக்குப் போகாமல் எப்படித் தப்பித்தாய் என்று இன்றும் கேட்கிறார்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன்: எனக்குத் தரை துடைக்க வராது.