மூடி நடித்த படம்

சமூக அக்கறையுள்ள படங்கள் போதாததால்தான் ஊர் நாறுகிறது என்பதை எங்கள் நகராட்சி தீர விசாரித்துக் கண்டுபிடித்தது. எனவே இளம் தொண்டர்களுக்குக் கதை சொல்லவும் திரைக்கதை எழுதவும் இலவசமாகக் கற்றுத் தரப்படும் என்றும், வகுப்பை இயக்குநர் நடத்துவார் என்றும் அறிவிப்பு வந்தது. சினிமா இயக்குநரை நேரில் பார்க்கும் ஆசையில் கூட்டம் அலைமோதியது. நானும் தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன்.

வந்தவர் சாக்கடைத் துறை இயக்குநர்.

"சார், நாங்க சினிமா இயக்குநர்னு நெனச்சு..." என்று ஒருவன் இழுத்தான்.

"ஆணையில இயக்குநர்னுதான் போட்டிருக்கு. நான் இயக்குநர். இந்த அறையில வேற யாராவது இயக்குநர் இருக்கீங்களா?"

யாரும் இல்லை. வகுப்பு ஆரம்பமாயிற்று.

எங்கள் தெருத் தையற்காரரின் மகளும் வந்திருந்தாள். அவள் வந்தது கலைத்தாகத்தால் அல்ல. அவர்கள் வீட்டுக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கும் சாக்கடைக் குழியின் மூடி என்றோ காணாமல் போய்விட்டது. அதில் விழுந்து அவள் அப்பாவுக்குக் கால் முறிந்தது, அதுவும் மெஷினை மிதிக்கிற கால். தைக்கக் கொடுத்த துணிகளை ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் பிரித்து அவர் கடைக்கு நடப்பதற்குள் மூடி வந்துவிட வேண்டும். புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்தவள், படம் எடுத்தாலாவது இவர்களுக்கு உறைக்காதா என்று வந்திருந்தாள்.

அவள் கதையை வாசித்தாள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா எடுத்த எடுப்புலயே குழி வருதே?"

"குழிதானே சார் பிரச்சினை?"

"துறைன்னு ஒண்ணு இருக்கும்போது குழி எப்படிம்மா இருக்கும்? நம்புற மாதிரி இல்லையே."

"அப்ப எங்கப்பா எதுல சார் விழுந்தாரு?"

"அதான் உன் கதையில இருக்கற ஓட்டை."

"ஓட்டை கதையில இல்ல சார், தெருவுல இருக்கு."

"வசனம் பிரமாதம்! வெட்டிடு," என்றார் இயக்குநர்.

பிறகு கரும்பலகையில் இலக்கணம் எழுதிப் போட்டார். சமூக அக்கறைப் படத்துக்கு மூன்றே பாகம்: தீர்வு, நன்றி, கைதட்டல்.

"பிரச்சினை எப்ப சார் வரும்?"

"அது படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

தையற்காரர் மகள் கொஞ்சம் யோசித்தாள். "தீர்வைக் காட்டணும்னா நெசமாவே ஒரு மூடி வேணுமே சார்?"

"பின்னே? கலையில சமரசமே கூடாது."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் கதையைத் தலைகீழாகத் திருத்தி எழுதினாள். எப்படியோ மூடி வந்தால் சரி என்பது அவள் கணக்கு.

வந்தது. படப்பிடிப்பன்று புத்தம் புது இரும்பு மூடி லாரியில் வந்து இறங்கியது. அதற்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினார்கள். தையற்காரர் நொண்டினால் தீர்வு மாதிரி தெரியாது என்பதால் இயக்குநரே தையற்காரராக நடித்தார். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு மூடிமேல் குதித்துக் குதித்துச் சிரித்தார். காட்சி முடிந்ததும் ஆட்கள் மூடியைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்.

"சார், சார்! மூடி!"

"அது படத்தோட மூடிம்மா. கலைப்பொருள். இங்க விட்டுட்டுப் போனா தணிக்கையில மாட்டிக்குவேன்."

"எந்தத் தணிக்கை சார், சினிமாவா, கணக்கா?"

"ரெண்டும்தான்," என்றபடி அவர் லாரியில் ஏறிக்கொண்டார்.

படத்தை எங்கள் தெருவிலேயே திரை கட்டிக் காட்டினார்கள். மூடி வந்ததும் ஒரே விசில். நானும் கை சிவக்கத் தட்டினேன். படம் முடிந்து எல்லோரும் குழியோரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போனோம். "மூடி என்னமா நடிச்சிருக்கு!" என்றார் முன்னால் போன பால்காரர்.

மறுநாள் தையற்காரர் மகள் திரும்பவும் புகாரோடு போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"உங்க தெருவா?" என்றார் குமாஸ்தா. "அங்கதான் மூடி இருக்கே. நேத்து என் கண்ணால பார்த்தேனே. கதைன்னு உன் பேருதானே வந்துச்சு?"

'மூடப்பட்டது' என்று குமாஸ்தா புகாரின் மேல் முத்திரை குத்தினார். எங்கள் ஊரில் ஒழுங்காக மூடப்படுவது அது ஒன்றுதான்.

தெருவே கூடி யோசித்தோம். புகார் கொடுத்தால் மூடி வருவதில்லை, படம் எடுத்தால் வருகிறது. அப்புறம் என்ன? இப்போது தெருவில் எல்லோரும் திரைக்கதை எழுதுகிறோம். மூடிமேல் நின்று பால்காரர் நன்றி சொல்லும் கதை என்னுடையது. எங்கள் தெருவில் கலை வேரூன்றிவிட்டதாக இயக்குநர் பூரித்துப் போயிருக்கிறார்.

நேற்று தையற்காரருக்குக் கட்டுப் பிரித்தார்கள். வாசல்வரை வந்து குழியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"அடுத்த ஷூட்டிங் என்னிக்கும்மா?"

"ஏம்ப்பா, நீங்களும் நடிக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்குக் கடையைத் திறக்கலாம்னு பார்க்கறேன்."