சேக்காட்டு டாங்கிப் படலம்

வாழ்க கிருபாகரன்! மென்பொருளின் பிழைகளை மாதச் சம்பளத்துக்கு வேட்டையாடும் மறவன், நாற்பத்துமூன்று அகவை நிறைந்தும் கட்டைவிரல் தளராத தோன்றல், சேக்காட்டு மூன்றாம் மாடிக்கு வேந்தன் வாழ்க! கடல் கடந்த தீவொன்றில் பழம்பெரும் நிறுவனமொன்று வீடியோ விளையாட்டுகளைப் படைத்து உலகெங்கும் விடுத்ததும், அவற்றுள் டாங்கிப்போர் என்னும் ஒன்று மெய்யான டாங்கிகளையே வார்த்தெடுக்கும் ஆவடிக்கு வந்து சேர்ந்ததும், அதன் முப்பத்தைந்தாம் களமாகிய இறுதிக்களத்தை இவ்வீரனும் இவன் அக்காள் ஷோபனாவும் பள்ளிப் பருவம் முழுதும் பொருதும் வெல்லமாட்டாது மீண்டதும் முன்கதை.

பின்னர் ஷோபனா மணம்புரிந்து அம்பத்தூர் ஏகினாள். விளையாட்டு இயந்திரம் தம்பிக்கும் டாங்கிப்போர் அடங்கிய மஞ்சள் கேசட் அக்காளுக்குமாக, உடல் ஓரிடமும் உயிர் ஓரிடமும் ஆயின. சென்ற ஆண்டோ பெரும்பகையே மூண்டது. ஷோபனாவின் மகள் பவ்யாவின் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழில், தாய்மாமன் கிருபாகரனின் திருநாமம் அச்சேறாது விடுபட்டது. அச்சகத்தார் செய்த பிழை என்றாள் அவள். பிழை காண்பதே தொழிலாகக் கொண்டவன் அதை ஏற்றானில்லை, விழாவுக்கும் சென்றானில்லை. பதினான்கு திங்கள் அக்காளும் தம்பியும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

அத்தகைய நாளில், ஞாயிறு பிற்பகல், அண்ணனூரில் மின்தொடர்வண்டி விட்டிறங்கி ஷோபனா வந்தாள். கேசட் இன்னும் ஓடுமா என்று பவ்யா கேட்கிறாள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று நாயகனின் மனைவி வரலட்சுமியிடம் மட்டும் மொழிந்தாள். நாயகன் பரணேறி, தூசுபடிந்த இயந்திரத்தை இறக்கி, அதன் கம்பிகளைத் தொலைக்காட்சியின் முதுகில் செருகினான். ஷோபனா கேசட்டைச் சங்கென உதட்டில் பொருத்தி மும்முறை ஊதினாள். திரை விழித்தது.

மூண்டது போர்! செங்கற்சுவர்கள் பொடிந்தன, பகை டாங்கிகள் பருத்திப் பொதியெனச் சிதறின. ஒரே படையின் தளபதியர் இருவரும் ஒருவரோடொருவர் பேசாதவராதலின், தம்பியின் குண்டு அக்காளின் டாங்கியையும், அக்காளின் குண்டு தம்பியினதையும் அடிக்கடி தாக்கித் திகைக்க வைத்தன. திரையின் அடிவாரத்துக் கழுகுச் சின்னம் வீழ்ந்தால் ஆட்டமே முடிவு; அதைக் காப்பாரும் இலர். பத்தாம் களத்தில் வேறு வழியின்றி ஷோபனா வாய் திறந்தாள்.

"நீ கீயவே நின்னுகினு கயுகப் பாத்துக்க. மேல நா பாத்துக்குறேன்."

அவன் கீழே நின்றான். ஐந்து நாழிகையில் முப்பத்தைந்தாம் களம் எதிர்ப்பட்டது. ஆங்கே கிருபாகரனின் கடைசி உயிரும் பறிபோயிற்று. அக்காள் கையில் எஞ்சியவை இரண்டு. பண்டை நிறுவனத்தார் வகுத்த விதிப்படி, மாண்டவன் பொத்தானை அமுக்கினால் துணைவரின் உயிரொன்று அவனுக்காகும், கேட்கவும் வேண்டியதில்லை. நாயகனின் கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. அமுக்கவில்லை. விழாவுக்கே போகாதவன் எவ்வாறு உரிமையோடு எடுப்பான்? பகைவர் ஒன்பதின்மரை அக்காள் தனியளாய் எதிர்த்தாள்.

திரையினின்று கண் எடாது அவள் சொன்னாள்: "எட்த்துக்கடா. பத்திரிகைய அச்சுக்குக் குடுக்கசொல்லோ நா ஒயுங்கா படிச்சிருக்கணும். என் தப்பு தான்."

"நானும் வந்துருக்கணும்கா," என்றான் கிருபாகரன், அமுக்கினான்.

மாண்டவன் எழுந்தான்! இடியும் மின்னலுமென இருவரும் இருபுறம் பாய, கழுகின் இறுதிச் சுவரும் இடிந்துவிழும் வேளையில், ஒன்பதாம் பகைவன் தம்பியின் குண்டால் வெடித்தொழிந்தான். முப்பதாண்டு வேட்கை முற்றுப்பெற, வாகைப் பாட்டையும் பூமாரியையும் எதிர்நோக்கி இருவரும் எழுந்து நின்றனர். பழம்பெரும் நிறுவனத்தாரோ முடிவென்று ஒன்றைப் படைக்கவே இல்லை. திரையில் மீண்டும் முதற்களமே தோன்றிற்று. வென்ற வீரர் அதை வியந்து நோக்கி நின்றனர்.

வரலட்சுமி கொண்டுவந்த காபியைச் சர்க்கரை பத்தவில்லை என்று ஷோபனா அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.