தாஜ் மலை ஏற்றத்தில் உன் வெள்ளைக் கார்

அன்புள்ள மருமகன் முஹன்னதுக்கு,

அம்மான் நகரத்து அஷ்ரஃபியாவிலிருந்து உன் தாய்மாமன் சுபுஹி எழுதுவது. உன்மீது ஸலாம் உண்டாகட்டும். தோஹா வெயில் உன் மண்டையைக் கொஞ்சமாவது விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமி இஃப்பத்தும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. "மாமா, என் காரை வாசலில் காணோமாமே? அடுத்த வாரம் லீவில் வருகிறேன், கார் எங்கே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? ஆகவே பேனாவை எடுத்தேன். ஆதம் நபியின் பிள்ளைகளில் ஒருவன்கூட நம்பமாட்டாத ஒரு கதையை இப்போது சொல்லப்போகிறேன் என்று சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் கடைசிவரை படி.

ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று பெருநாள் கழிந்த மறுநாள் முடிவெடுத்தேன். உன் மாமி, "கத்துக்கிறதுதான் கத்துக்கிறீங்க, கியர் இல்லாத காராப் பாத்துக் கத்துக்குங்களேன்" என்றாள். கியர் இல்லாத காரை ஓட்டுவது ஓட்டுவதா? அது காரின் மடியில் உட்கார்ந்து போவது! கியர் கார்தான் வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் கர்ஜித்தேன். நவ்வாஃப் என்று ஒரு வாத்தியாரைக் கொடுத்தார்கள். முதல் நாள் கறுத்த தாடியோடு வந்த மனிதருக்கு ஒரே வாரத்தில் தாடி பஞ்சாய் வெளுத்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? மிதிக்க மூன்று, ஆண்டவன் கொடுத்த கால்களோ இரண்டு, இந்தக் கணக்கை எந்தப் புத்திசாலி போட்டான்? கிளட்சைச் சட்டென்று விட்டால் கார் ஒட்டகம் எழுந்திருப்பதுபோல முன்னும் பின்னும் குலுங்கி அணைந்துபோகிறது. விடாமல் மிதித்துக்கொண்டிருந்தால் சத்தம் மட்டும் போடுகிறது, இடத்தை விட்டு நகர்வதில்லை, என் மாமியாரைப் போல. முந்நூறாவது தடவை அணைந்ததும் பள்ளிக்கூடத்துக் கார் தானாகவே ராஜினாமா செய்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாஜி, நவ்வாஃபை வேணும்னா வச்சுக்குங்க, காரை மட்டும் விட்டுடுங்க. சொந்தக் கார்ல ஓட்டிப் பழகுங்க" என்று கெஞ்சினார். சொந்தக் காருக்கு எங்கே போவேன்? வாரம் ஒருமுறை எஞ்சினைச் சூடு பண்ணச் சொல்லி நீ கொடுத்த சாவி மேஜைமேல் இருந்தது. சூடு பண்ணினேன். கொஞ்சம் அதிகமாக.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நவ்வாஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஓட்டுகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கோட்டு போட்டு, அதன்மேல் ஜரிகை வைத்த மேலங்கியும் போட்டிருந்தேன். "எதுவும் புரியலன்னா நாலு இண்டிகேட்டரையும் மின்ன விடுங்க" என்று நவ்வாஃப் சொல்லியிருந்தார். எனக்கு வாசலிலிருந்தே எதுவும் புரியவில்லை, ஆகவே வாசலிலிருந்தே மின்னவிட்டேன். ஸ்டீயரிங்கை நெஞ்சோடு கட்டிப்பிடித்ததில் ஹார்ன் வேறு ஓயாமல் அலறியது. வியாழன் மாலை, ஜரிகை மேலங்கிப் பெரியவர், நாலு விளக்கும் மின்ன, ஹார்ன் அலற, நடந்துபோகிறவனைவிட மெதுவாக ஒரு வெள்ளைக் கார்! நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தானே? பெண் கேட்கப் போகிறார்கள்! பின்னால் வந்த டாக்சிக்காரன் மரியாதைக்கு ஹார்ன் அடித்துச் சேர்ந்துகொண்டான். அவன் பின்னால் இன்னொருவன். நகர நடுவைத் தாண்டுவதற்குள் நாற்பது கார். அவற்றின் நடுவில் கேஸ் சிலிண்டர் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மாடியிலிருந்து ஒருத்தி குலவையிட்டு மிட்டாய் எறிந்தாள்.

தாஜ் மலை ஏற்றம் உனக்குத் தெரியும், ஆடுகூட அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கும். சரியாக நடு ஏற்றத்தில் கார் அணைந்தது.

"ஹேண்ட் பிரேக்கைப் பிடிங்க, கிளட்சைப் பாதி விடுங்க, ஆக்சிலரேட்டரை மெதுவா மிதிங்க!"

"எந்தக் காலாலய்யா? எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு!"

கார் பின்னால் உருண்டது, நாற்பது காரும் கூடவே உருண்டன, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சாக்கடலில் போய்த்தான் நின்றிருப்போம். ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிறாற்போல் இழுத்தேன். நின்ற இடம் ஒரு பச்சைக் கதவு வாசல். கதவைத் திறந்த வீட்டுக்காரர் அபூ குதைபா, கார்களிலிருந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தார், என் ஜரிகையைப் பார்த்தார். "வாங்க, வாங்க! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டார். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியை என் கையில் கொடுத்தார்கள். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிய கையில் கோப்பை நிற்கவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காபியைக் குடிக்காமல் வைக்கிறவன் பெண் கேட்கப்போகிறான், வீட்டுக்காரர் சம்மதித்து 'குடி' என்றால்தான் குடிப்பான் என்று நம் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"கேளுங்க ஹாஜி, என்ன வேணும்?"

'கார் மாட்டிக்கொண்டது, ஏற்றத்தில் எடுக்க எனக்குத் தெரியவில்லை.' ஒரே வரி. ஆனால் முன்பின் தெரியாத நாற்பது ஆண்கள் முன்னால், ஜரிகையும் அதுவுமாய் உட்கார்ந்துகொண்டு, இதைச் சொல்வதா? அதற்கு உனக்குக் கல்யாணம் செய்துவைப்பது எவ்வளவோ கௌரவம் என்று பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மருமகன் முஹன்னத், தோஹாவில் இன்ஜினியர்..." என்று ஆரம்பித்தேன்.

அபூ குதைபாவின் மகள் மைசூன் வாசற்படியில் நின்றபடி குறுக்கிட்டாள். "மாமா, பொண்ணு கேக்கிறது இருக்கட்டும். முதல்ல அந்தக் காரை எடுங்க, தெருவே நிக்குது."

"என் மருமகன் கார்தான், நீயே எடேம்மா" என்றேன், பெருந்தன்மையாக.

எடுத்தாள். ஒரு விரற்கடை பின்னால் உருளாமல், ஒரு குலுங்கல் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஏற்றத்தில் ஏறிப்போய் ஓரமாக நிறுத்தினாள். நவ்வாஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு கிளட்சை அவர் பார்த்ததில்லையாம். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "கார்க்காரருக்காவது ஓட்டத் தெரியுமா, இல்ல அவரும் உங்களை மாதிரிதானா?" என்றாள்.

"அவனா? கழுகும்மா, கழுகு!"

"அப்ப அவரே வந்து எடுத்துக்கட்டும். இந்தச் சாவியை உங்க கையில தரமாட்டேன்."

சபை சிரித்தது. "காபியைக் குடிங்க ஹாஜி" என்றார் அபூ குதைபா. குடித்துவிட்டேன், மருமகனே.

இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டாதே. என் அக்காவின் செருப்பு இன்னும் குறி தவறுவதில்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பள்ளம் மேடு இல்லாத சாலைகளையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மாமன் சுபுஹி

பின்குறிப்பு: உன் மாமி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "பாவம், பையன் லீவுல வர்றான். ஒரு வரியாவது நிஜம் எழுதுங்க" என்கிறாள். சரி. நாற்பது கார் வரவில்லை. வந்தது ஒரு டாக்சி, அவனும் என்னைத் திட்டிக்கொண்டே முந்திப் போய்விட்டான். ஜரிகை மேலங்கி இல்லை, காபி யாரும் கொடுக்கவில்லை, நவ்வாஃபின் தாடி முன்பே வெள்ளைதான், உனக்கு எங்கேயும் நான் பெண் கேட்கவில்லை. மைசூன் காரை ஏற்றிக் கொடுத்ததும், சாவியைத் தரமாட்டேன் என்று சொன்னதும் மட்டும் நிஜம். கார் அங்கேயே நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. போகும்போது ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு போ.